நடுவில் இருப்பதுதான் பிரேக்கு

நடுவில் இருப்பதுதான் பிரேக்கு. இடது பக்கம் கிளச்சு, வலது ஓரத்தில் ஆக்சிலேட்டர், அது ரெண்டும் இருக்கிறதையே மறந்துவிடு, உனக்கு நடுவில் இருப்பது மட்டும்தான். இப்படிச் சொல்லிவிட்டுத்தான் சுருளிவேல் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். பவுன்தாயும் தலையை ஆட்டினாள். ஆட்டியதென்னவோ உண்மை, ஆனால் புருஷன் தலை மறைந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு நடுவு எது என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று இருந்தால் நடுவு ஒன்றுதானே, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் சமதரையில் நின்று கேட்கிறார்கள் என்று அர்த்தம். குனிந்து பார்த்தாள். அவள் கால் நடுவில்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்திருந்தாள், பெடலில் இருந்த ரப்பர் என்றைக்கோ தேய்ந்துபோய் இரும்பு வரிவரியாக உள்ளங்காலில் பதிந்தது, குளிர்ந்தது. வாழ்க்கையில் அவள் ஓட்டிய ஒரே வண்டி தையல் மிஷின். அதில் மிதித்தால் ஓடும், மிதிக்காவிட்டால் நிற்கும். இங்கே எல்லாம் தலைகீழ், மிதித்தால் நிற்கும், மிதிக்காவிட்டால் ஓடும். எங்கே ஓடும்? பின்னால்தான். ஜீப்பின் மூக்கு மலைமேல் இருக்கிற போடிமெட்டைப் பார்த்து நிற்கிறது, முதுகு முந்தலைப் பார்த்து நிற்கிறது, ஜீப்புக்கும் கீழே இருக்கிற முந்தலுக்கும் நடுவில் ஒரு கொண்டை வளைவு, வெள்ளையடித்த ஒரு குட்டைச் சுவர், அதற்கப்புறம் புகை மாதிரி மஞ்சு, மஞ்சுக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்று சொல்லக்கூடாது, தரை இருக்கிறது, ரொம்பக் கீழே இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் காலை இன்னும் அழுத்தினாள். பெடல் இதற்கு மேல் போகாது என்று முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் அழுத்தினாள்.

காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போதே பின்பக்கம் இடது சக்கரத்தில் ஆட்டுக்கல்லில் கல் அகப்பட்ட மாதிரி ஒரு கறகறப்பு. கொஞ்ச தூரம் கறகறத்தது, அப்புறம் கருகிய நாற்றம், அப்புறம் இந்த வளைவுக்கு மேலே வந்து நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. பின்னால் வந்த ஜீப்பில் பொம்பளைகள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். ஈஸ்வரியக்கா மட்டும் எட்டிப் பார்த்து, "நீ வரலையா பவுனு?" என்றாள். "இது ஒத்தையில நிக்கும்லக்கா" என்றாள் பவுன்தாய். இது என்றால் சுருளிவேல். இப்போது நினைத்தால், ஏறிப் போயிருக்கலாம். போயிருந்தால் இந்நேரம் காய் எடுத்துக்கொண்டு இருக்கலாம், இடுப்பு வலிக்கும், அட்டை கடிக்கும், ஆனால் யாருடைய உசிரும் காலுக்கடியில் இருக்காது. போடியிலிருந்து மெக்கானிக் சிக்கந்தர் பாய் தன் பைக்கில் ஒரு சாக்குமூட்டையோடு வந்தான். மூட்டையில் வேறொரு ஹப்பும், பேரிங்கும், மூன்று கால் வைத்த இரும்புச் சாமான் ஒன்றும் இருந்தன. சக்கரத்தைக் கழற்றி, குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டினான். "பேரிங்கு தூளாப் போச்சு சுருளி. ஹப்பைக் கழட்டாம உள்ள கை போகாது. ஹப்பு என்னடான்னா சூட்டுல ஆக்சிலோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு." சக்கரம் போய் உட்காருகிற அந்த இரும்புத் தலைக்குத்தான் ஹப்பு என்று பேர் என்பதும், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால் இந்த ஜீப்பில் கியரும் நிற்காது, ஹேண்ட் பிரேக்கும் நிற்காது என்பதும் பவுன்தாய்க்கு அப்போதுதான் தெரியும். "அந்தரத்துல நிக்கிற சக்கரம் சும்மா சுத்தும் தங்கச்சி, தரையில இருக்கிற சக்கரம் அது பாட்டுக்கு உருளும். காலு பிரேக்குதான் எல்லாச் சக்கரத்தையும் பிடிக்கும். நீ ஏறி மிதிச்சுக்க. ஹப்பும் சுத்தாது, வண்டியும் நகராது" என்றான் சிக்கந்தர். கல்லும் வைத்திருக்கிறது என்று சுருளிவேல் சொன்னான். வைத்த கல்லை அவள் பார்த்தாள். மலையில் பிறந்து மலையிலேயே உதிர்கிற கல், காலால் உதைத்தால் மண்ணாகப் போகிற ஜாதி.

இப்போது பின்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சத்தம்தான் கேட்கிறது. மூன்று கால் சாமானை ஹப்பின் மேல் கவ்வக்கொடுத்து, அதன் நடுவில் இருக்கிற போல்ட்டை நீளக் கம்பியால் முறுக்கிக்கொண்டே போனால் அது ஹப்பை வெளியே இழுக்குமாம், இழுத்தும் வராவிட்டால் போல்ட்டின் தலையில் சம்மட்டியால் போட வேண்டுமாம். சுருளிவேல் குத்தவைத்துக் கம்பியைப் பிடித்திருக்கிறான், சிக்கந்தர் நின்றுகொண்டு சம்மட்டி போடுகிறான். ணங் என்று ஒரு சத்தம் வரும், ஜீப் முழுக்க அதிரும், அவள் பல் அதிரும், பெடல் அதிரும். அப்புறம் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத அந்த இடைவெளிதான் அவளைக் கொன்றது. அடி விழுந்தாலாவது ரெண்டு பேரும் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. மாமா இருக்கியா என்று கூப்பிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான், பார்க்கிற நேரத்தில் சம்மட்டி விழுந்தால்? வாயை மூடிக்கொண்டாள். பயமாக இருந்தது. கல்யாணமான புதிதில் வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்தில் ஏற்றிவிட்டானே, அந்தப் பயம் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் அது வேறு. உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றுவிட்டது, தொட்டில் முன்னும் பின்னும் ஆடுகிறது, கீழே பார்த்தால் அதை ஓட்டுகிறவன் ஒரு கையில் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசுகிறான். அடப் பாவி, எங்க உசுரு உன் கையில இருக்கு, நீ கதிரைக் கடிக்கிறியே என்று அன்றைக்கு அவள் கத்தினாள், சுருளிவேல் விழுந்து விழுந்து சிரித்தான். இன்றைக்கு அவள்தான் ராட்டினம் ஓட்டுகிறவள். அந்த ஆள் எப்படிச் சோளம் தின்றான் என்பதுதான் புரியவில்லை. அவளுக்கு எச்சில்கூட இறங்கவில்லை. அந்த ஆளுக்குப் பழக்கம், தினமும் உசிரைப் பிடிக்கிறவனுக்கு உசிர் லேசாகத் தெரியும் போல. அவளுக்கு இது முதல் தடவை.

காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எறும்பு இல்லை. கெண்டைக்காலிலிருந்து கீழே மரத்துக்கொண்டு வருகிறது. முதலில் சுண்டுவிரல் போனது, அப்புறம் குதிகால் போனது. ஐயோ, இது என்ன புதுசாக. கால் மரத்துப்போனால் மிதிக்கிறோமா இல்லையா என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குனிந்து பார்த்தாள், மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். நிமிர்ந்தாள், நிமிர்ந்ததும் மறுபடி சந்தேகம். குனிந்தாள். இந்தக் காலுக்கு மேல் அந்தக் காலையும் தூக்கி வைத்து இரண்டாலும் அழுத்தினாள், மேலே இருக்கிற கால் மரக்கவில்லை, கீழே இருக்கிறது யாரோ ஒருத்தியின் கால் மாதிரி இருந்தது. போன மழைக்காலத்தில் இதே பாதையில் ஒரு ஜீப் பள்ளத்தில் போய்விட்டது. ஆளுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் இவர்கள் வண்டி அந்த இடத்தைத் தாண்டியது. யாரும் பார்க்காதீங்க என்று சுருளிவேல் சொன்னான், எல்லாரும் பார்த்தார்கள். சரிவு நெடுக தூக்குச்சட்டிகள். ஒரு சட்டி மட்டும் மூடி கழலாமல் ஒரு புதருக்குள் நேராக உட்கார்ந்திருந்தது, யாரோ பத்திரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போன மாதிரி. உள்ளே சோறு சூடாகக்கூட இருந்திருக்கும். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், நினைக்காதே, வேறே நினை. பிரசவ ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது, அதுவாவது நல்லதுக்கு வந்ததா என்றால் இல்லை, அங்கேயும் ஒரு நர்சம்மா கத்திக்கொண்டே இருந்தாள், மூச்சைப் பிடி, பிடி, இப்ப விடு, இன்னும் பிடி. பிடிக்கச் சொன்னால் பிடித்து விடச் சொன்னால் விட்டாள், யோசிக்க இடமில்லை, சொன்னதைச் செய்தால் போதும் என்று இருந்தது, அப்படித்தான் பிள்ளை வந்தது. அது போலத்தான் இதுவும். சொன்னால் செய்யப் போகிறோம், அவ்வளவுதானே. மாமா சொன்னால் எடுப்பேன், சொல்லாவிட்டால் எடுக்கமாட்டேன். இதில் பயப்பட ஒன்றுமில்லை. மூச்சு சீரானது. பின்னால் கம்பி கிறீச்சிட்டது. சிக்கந்தர் ஏதோ முனகினான். அப்போதுதான் சுருளிவேலின் குரல், அவள் எப்போதும் கேட்டு நடக்கிற குரல், தெளிவாகக் கேட்டது.

"ம், உடு!"

எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை. மேல்காலைத் தூக்கினாள், கீழ்க்கால் தானாக மேலே வந்தது, ஜீப் ஒரு பெருமூச்சு விட்டது, ஜன்னலுக்கு வெளியே பாறை நகர்ந்தது. பாறை எப்படி நகரும்? பாறை மேலே போகிறது, நாம் கீழே போகிறோம். பின்னால் இரும்பு சரசரவென்று சுற்றுகிற சத்தம், எதிலோ மோதுகிற சத்தம், "பவுனு!" என்று ஒரு அலறல். அந்த அலறலில் அவள் பேர் பாதிதான் இருந்தது. மிதித்தாள். இரண்டு காலாலும், இடுப்பைத் தூக்கி, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். ஜீப் வெடுக்கென்று நின்றது. எங்கேயோ ஒரு கல் உருண்டு போனது, ரொம்ப நேரம் உருண்டது. "உட்றாத தங்கச்சி! உட்றாத! அவன் கை மாட்டியிருக்கு!" இது சிக்கந்தர். கை என்றால் எந்தக் கை, எவ்வளவு கை? நடுவுதானா? நடுவில்தான் மிதிக்கிறேனா? கண்ணில் தண்ணீர் நிறைந்து மூன்று பெடலும் ஒன்றாகத் தெரிந்தது. மாரியாத்தா, இது நடுவாக இருக்கட்டும். இந்தக் கால் போனாலும் போகட்டும், மிதித்தது மிதித்தபடி இருக்கட்டும். பின்னால் இரும்பு முனகியது, ஆள் முனகினான், "மெல்ல, மெல்ல, தோளைத் திருப்பு" என்றான் சிக்கந்தர், அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று பவுன்தாயைக் கேட்டால் தெரியாது. அவள் அதற்குள் விதவையாகி, ஊருக்குத் திரும்பி, மகளுக்கு என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்து, சொல்ல முடியாமல் நின்றாள். ஜீப்பின் பக்கவாட்டில் நிழல் விழுந்தது. சுருளிவேல் நின்றான். வலது முழங்கை சிராய்த்து ரத்தமும் கிரீசும் ஒன்றாக வழிந்தது, முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆனால் நின்றான். கை தோளோடு இருந்தது, விரல் கையோடு இருந்தது.

"யாரு தங்கச்சி உன்னைய உடச் சொன்னது?" என்றான் பின்னாலேயே வந்த சிக்கந்தர். "இதுதான், இதுதான் உடுன்னுச்சு" என்றாள். சிக்கந்தருக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டான், பயந்தவன் சிரிக்கிற சிரிப்பு, பாதியில் நின்றுவிட்டது. "அட அல்லாவே. அவன் எனக்குச் சொன்னான்மா. சம்மட்டிய உடுன்னு சொன்னான். ஒரு அடி உடுன்னு சொன்னான்." சுருளிவேல் சிரிக்கவில்லை. அவன் காதில் அந்த ஒரு வார்த்தை மறுபடி விழுந்த மாதிரி முகத்தைச் சுளித்தான். பேசத் தெரிந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அது ரெண்டு பக்கமும் வெட்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஜீப் ஒரு சாண்தான் நகர்ந்திருந்தது. அந்த ஒரு சாணுக்கு அந்தரத்தில் இருந்த ஹப்பு சுற்றி, கவ்வியிருந்த சாமானின் நீளக் கம்பி அவன் கையை வண்டியின் வில்லுப்பட்டையோடு சேர்த்து அழுத்தியிருந்தது, இன்னும் விரற்கடை சுற்றியிருந்தால் எலும்பு. சிக்கந்தர் கிடுகிடுவென்று சாய்ந்த ஜாக்கியை நேராக்கினான், கழற்றின சக்கரத்தை அடியில் தள்ளினான், ரோட்டோரத்துப் பாறாங்கல்லாகப் பார்த்து உருட்டிவந்து டயருக்கு முட்டுக்கொடுத்தான். "இனிமே யானை தள்ளினாலும் நகராது" என்றான். முதலிலேயே இதை வைத்திருந்தால் என்ன என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள். "வேற யாராச்சும் மிதிக்கட்டும் மாமா. மேல இருந்து வண்டி வரும்ல, கை காட்டி நிப்பாட்டுவோம். எனக்கு வேணாம்" என்றாள். அழுதாள். சுருளிவேல் முழங்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "வர்றவன் எவன்னு எனக்கு என்ன தெரியும்? நீ மிதி. நீ இல்லாட்டி நான் உள்ள கையை விடமாட்டேன்." இதைக் கேட்டு அவளுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் இரட்டித்தது. உடுவுக்குப் பதிலாக அடி என்று சொல்லேன் என்று சிக்கந்தர் யோசனை சொன்னான். அடி என்றால் அடிப்பது, அடியே என்றால் அவள். போடு என்று சொல்லலாம், ஆனால் சம்மட்டியையும் போடலாம், பிரேக்கையும் போடலாம். எடு என்றால் காலை எடுக்கலாம், வண்டியையே எடுத்துவிடலாம். ஒவ்வொரு வார்த்தையாக அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள், எல்லா வார்த்தைக்குள்ளும் ஒரு சாண் பள்ளம் இருந்தது. கடைசியில் சுருளிவேல், "வாயே வேணாம்" என்றான். "நான் வாயைத் திறக்கப்போறதில்ல. எடுக்கணும்னா நானே சுத்தி வந்து உன் காலைத் தொடுவேன். தொட்டா எடு. தொடலைன்னா வானமே இடிஞ்சு விழுந்தாலும் எடுக்காத."

வானம் இடிந்துதான் விழுந்தது. எவ்வளவோ அடிக்கு அப்புறம், சிக்கந்தர் ஹப்பைச் சுற்றித் தீ காட்டி, மறுபடி முறுக்கி, மறுபடி அடித்து, ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தையும் இல்லாமல் இரும்பு மட்டுமே பேசிக்கொண்டிருந்தபோது, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மலையில் பட்டுத் திரும்பியும் வந்தது. பவுன்தாய் இன்னும் அழுத்தினாள். எடுக்கவில்லை. தொடவில்லையே. ஜீப்பே உடைந்தாலும் தொடவில்லையே. கொஞ்ச நேரத்தில் சுருளிவேல் ஓடிவந்தான், பல்லெல்லாம் தெரிந்தது, வாயைத் திறக்கக்கூடாது என்ற நினைப்பில் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து அவள் கணுக்காலைத் தொட்டான். எடுத்தாள். பாறை நகரவில்லை. ஹப்பு வந்துவிட்டது என்று அவன் கையாலேயே காட்டினான். சிக்கந்தருக்கு அப்படி விரதம் ஒன்றும் இல்லை, அங்கிருந்தே கத்தினான்: "தங்கச்சி, இப்ப ஹப்போட பிரேக்கு டிரம்மும் வெளிய வந்திருச்சு. இனி நான் மாட்டுற வரைக்கும் மறந்துகூட மிதிச்சிராத. மிதிச்சா உள்ள இருக்கிற பிஸ்டன் தெறிச்சு ஆயிலு பூராம் ஒழுகிரும். அப்புறம் பிரேக்கே இல்ல." இதென்ன கொடுமை. இவ்வளவு நேரம் எதை மிதித்தால் உயிரோ அதையே இப்போது மிதித்தால் போச்சாம். கால் அது பாட்டுக்கு நடுவை நோக்கிப் போனது, பழகிவிட்டது. மிதிக்கவா மிதிக்கவா என்று கேட்டது. இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு, சேலையால் மூடி, முழங்காலைக் கையால் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மலைப்பாதையில் ஸ்டியரிங்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்தப் பக்கமாகப் போன ஒரு பால் வண்டிக்காரன் பார்த்துக்கொண்டே போனான். யானை தள்ளினாலும் நகராத கல் என்று சொன்னானே சிக்கந்தர், அவன் யானையைக் கேட்டானா? கீழே பேரிங்கைத் தட்டி ஏற்றுகிற சத்தம் டொக் டொக்கென்று மெதுவாக வந்தது. இந்தச் சத்தம் நல்ல சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு டொக்கையும் சந்தேகப்பட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டாள்.

வேறே ஹப்பு ஏறியது. நட்டை முறுக்க வேண்டும், ஹப்பு சுற்றக்கூடாது, மறுபடி பிரேக்கு. சுருளிவேல் வந்து, ஒன்றும் பேசாமல், அவள் காலைப் பிடித்துப் பெடலில் வைத்து அழுத்திவிட்டுப் போனான். அவள் மேல்காலையும் வைத்தாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பார்த்தால்தானே சந்தேகம் வருகிறது. ஸ்பானரில் பைப்பை மாட்டி முறுக்குகிறார்கள், ஜீப் முனகுகிறது. நட்டு கழலாமல் இருக்க ஊசி போடுகிற துளை நேர்ப்படவில்லை என்று சிக்கந்தர் சொல்வது கேட்டது, இன்னும் முறுக்கினார்கள். சக்கரத்தை உருட்டிவந்து மாட்டினார்கள் போல, நட்டு நட்டாகக் கிணுகிணுத்தது. கால் மறுபடி மரத்தது, இந்தத் தடவை பாதத்தோடு நிற்காமல் முழங்கால் வரைக்கும் போய்விட்டது, மேல்காலும் போய்விட்டது. தொடைக்குக் கீழே தனக்கு ஒன்றும் இல்லை என்றே தோன்றியது. பரவாயில்லை, இருக்கிற கனத்தில் அழுத்தட்டும். திடீரென்று ஜீப் கீழே இறங்கியது. உட்கார்ந்த சீட்டோடு கீழே போனாள். போச்சு, உருள்கிறது. கத்தவில்லை, அழுத்தினாள், அல்லது அழுத்துவதாக நினைத்தாள். ஒரு குலுக்கு, அப்புறம் நின்றுவிட்டது. ஜாக்கியை இறக்கியிருப்பார்கள். இருப்பார்களா? ஜாக்கி தானாக இறங்கியிருந்தால்? அடியில் யார் இருந்தார்கள்? பேச்சுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சாக்கை இழுக்கிற சத்தம். அப்புறம் பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம். சிக்கந்தர் பைக். அது வளைவில் இறங்கி, சின்னதாகி, மஞ்சுக்குள் போய் இல்லாமல் போனது. ஏன் போகிறான்? சொல்லாமல் ஏன் போகிறான்? ஆள் கூட்டிவரப் போகிறானா? வேலை முடிந்திருந்தால் சொல்லிக்கொண்டு போயிருப்பானே, வாரேன் தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற ஆளா அவன். சொன்னானோ, எனக்குத்தான் காது அடைத்துவிட்டதோ. மாமா ஏன் வரவில்லை? முடிந்திருந்தால் வந்து தொட்டிருக்குமே. தொடவில்லை. தொடவில்லை என்றால் வர முடியவில்லை. வர முடியவில்லை என்றால். அதற்கு மேல் நினைப்பு போகவில்லை, கறகறத்து அங்கேயே நின்றது. கண்ணைத் திறக்கலாம், திறந்தால் தெரிந்துவிடும், தெரியாதவரைக்கும் மாமா இருக்கிறது, பின்னால் எங்கேயோ துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு இருக்கிறது. இறங்கிப் போய்ப் பார்க்கலாம், இறங்கினால் காலை எடுக்க வேண்டும், எடுத்தால் அடியில் கிடக்கிறவன் மேல் ஏறும். மாட்டேன். ராத்திரி ஆனாலும் சரி, இங்கேயே இருந்து மிதித்துக்கொண்டே செத்துப்போகிறேன், எடுக்கமாட்டேன். காற்று வீசியது. ஒரு குருவி கத்தியது. கிரீஸ் நாற்றம் வந்தது. கிரீஸ் நாற்றம் ரொம்பக் கிட்டத்திலிருந்து வந்தது. பவுன்தாய் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள்.

அவள் கால் மேல் ஒரு கை இருந்தது. முழங்கையில் துண்டு சுற்றிய கை. கதவில்லாத ஜீப்புக்கு வெளியே ரோட்டில் குத்தவைத்து, தலையைக் குனிந்துகொண்டு, சுருளிவேல் அவள் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பாறாங்கல்லெல்லாம் ஓரத்தில் கிடந்தது. வேலை எப்போதோ முடிந்திருந்தது.

"மாமா" என்றாள்.

நிமிர்ந்தான். வாயைத் திறக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி பார்த்தான். "எம்புட்டு நேரமாத் தொட்டுக்கிட்டு இருக்கேன். எடுக்கவே மாட்டேங்கிற."

"சொல்லியிருக்கலாம்ல."

"வாயே திறக்கமாட்டேன்னு சொன்னேன்ல. சத்தங் குடுத்து நீ பாட்டுக்குப் பதறி எதையாச்சும்..." என்றான். அந்தக் கை தன் காலை அழுத்திப் பிடித்திருந்ததை அவள் கண்ணால்தான் பார்த்தாள். காலுக்குத் தெரியவில்லை.

"காலு செத்துப்போச்சு மாமா. நீ தொட்டது தெரியல."

"சரி, இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. எடு. ஹேண்ட் பிரேக்குப் போட்டாச்சு, சக்கரம் தரையில நிக்கிது" என்று சொல்லிக் கையை எடுக்கப்போனான்.

"கையை எடுக்காத" என்றாள் பவுன்தாய். "செத்த நேரம் அப்படியே இரு."

அவன் எடுக்கவில்லை. மேலே போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் இறங்கியது. அவளுக்கு முதலில் அவன் கையின் சூடுதான் தெரிந்தது, அந்தச் சூட்டுக்கு அடியில் இருப்பது தன்னுடைய கால்தான் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.